மாடுலோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாடுலோ என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

நிரல் எழுதுகிறவருக்கு: ஒரு எண்ணை இன்னொன்றால் வகுத்தால் கிடைக்கும் மீதி. 17-ஐ 5-ஆல் வகுத்தால் ஈவு 3, மீதி 2. எனவே 17 மாடுலோ 5 என்பது 2.

கணிதம் படித்தவருக்கு: இரண்டு எண்களின் வித்தியாசம் 5-ஆல் மீதமின்றி வகுபட்டால், அவை மாடுலோ 5-இல் ஒன்றுக்கொன்று சமானம். 17-உம் 2-உம் சமானம். 17-உம் 42-உம் சமானம். −16-உம் 9-உம் சமானம்.

இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். அப்படி இல்லை. முதலாவது ஒரு கணக்கு. விடையாக ஒரே ஒரு எண் வரும். இரண்டாவது ஓர் உறவு. அதற்கு விடை 'ஆம்' அல்லது 'இல்லை'. கீழே வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை, இந்த உறவுக்கு வைத்த பெயரைக் கணினிக்காரர்கள் அந்தக் கணக்குக்கும் வைத்ததால் வந்தவை.

சொல் எங்கிருந்து வந்தது?

லத்தீனிலிருந்து. 'மோடுஸ்' என்றால் அளவு. அதன் குறுக்க வடிவம் 'மாடுலஸ்', அதாவது சிற்றளவு. லத்தீனில் வேற்றுமை உருபு ஏறும்போது அது 'மாடுலோ' ஆகிறது: 'இந்த அளவைக் கொண்டு', 'இந்த அளவைப் பொறுத்து' என்று பொருள். ஆக, மாடுலோ 5 என்பது '5 என்ற அளவைப் பொறுத்தவரை'. சொல்லிலேயே உருபு ஒட்டியிருக்கிறது. அதனால்தான் '5 மாடுலஸ்' என்றும் 'மாடுலோ 5' என்றும் இரு வடிவங்கள் புழங்குகின்றன: வகுக்கும் எண்ணின் பெயர் மாடுலஸ், 'அதைப் பொறுத்து' என்பது மாடுலோ.

கணிதத்தில் இதை நிலைநிறுத்தியவர் ஜெர்மானியக் கணிதமேதை கார்ல் பிரீட்ரிக் காஸ். 1801-இல், 24 வயதில், லைப்சிக்கில் அவர் வெளியிட்ட எண்கணித நூல் லத்தீனில் எழுதப்பட்டது. மூன்று கோடு போட்ட ≡ குறியும் அதில்தான் அறிமுகமானது. சமன்பாட்டுக் குறிக்கு மேலே ஒரு கோட்டைக் கூட்டி, 'சமம் இல்லை, ஆனால் சமம் மாதிரி நடந்துகொள்ளும்' என்று காட்டினார். மாடல், மாட்யூல், மோடம் எல்லாம் அதே 'மோடுஸ்' குடும்பத்துப் பிள்ளைகள்.

தமிழில் எப்படிச் சொல்வது?

பாடநூல் வழக்கு 'மட்டு எண்கணிதம்'. ஒலிக்காகத் தேர்ந்த சொல் போலத் தெரிந்தாலும் பொருளும் பொருந்தி நிற்கிறது. மட்டு என்றால் தமிழில் அளவு, எல்லை. 'மட்டில்லா மகிழ்ச்சி', 'மட்டுக்கு மிஞ்சி' என்று சொல்கிறோமே, அதே மட்டு. லத்தீன் சொல்லுக்கும் அதே பொருள்தான்.

ஒரு சிக்கல் உண்டு. குறியை நீக்கிய மதிப்பையும், அதாவது −7-ஐ 7 என்று எடுப்பதையும், 'மட்டு மதிப்பு' என்கிறோம். இரண்டுக்கும் தொடர்பில்லை. இந்தப் பக்கத்தில் குழப்பம் வேண்டாமென்று மாடுலோ என்றே எழுதுகிறோம்.

காஸுக்கு முன் யாருக்கும் இது தெரியாதா?

பெயர்தான் புதிது. சீனத்தின் பழைய கணித நூலான சுன்சியில் ஒரு கணக்கு இருக்கிறது: ஒரு எண்ணை 3-ஆல் வகுத்தால் மீதி 2, 5-ஆல் வகுத்தால் மீதி 3, 7-ஆல் வகுத்தால் மீதி 2, எண் எது? தீர்வும் அங்கேயே உண்டு. 3-இன் மீதியை 70-ஆலும், 5-இன் மீதியை 21-ஆலும், 7-இன் மீதியை 15-ஆலும் பெருக்கிக் கூட்டு: 140 + 63 + 30 = 233. அதிலிருந்து 105-ஐ முடிந்த மட்டும் கழி: 23. ஏன் 70? அதை 3-ஆல் வகுத்தால் மீதி 1. 5-ஆலும் 7-ஆலும் மீதியே இல்லை. 21-உம் 15-உம் அதே வேலையைத் தத்தம் எண்ணுக்குச் செய்கின்றன.

இந்தியாவில் 499-இல் ஆரியபட்டர் தந்த முறை குட்டகம் என்று பெயர் பெற்றது. பொடியாக்குதல் என்று பொருள்: பெரிய எண்களைத் திரும்பத் திரும்ப வகுத்துச் சிறிதாக்கிக்கொண்டே போவது. கோள்களின் சுழற்சிகளைக் கணக்கிட அது தேவைப்பட்டது. பஞ்சாங்கக் கணக்கு முழுக்கவே மீதிக் கணக்குதான்: கலியுகத் தொடக்கத்திலிருந்து எண்ணும் கலி நாள் எண்ணிக்கையை 7-ஆல் வகுத்த மீதி கிழமையைச் சொல்லும்.

% குறிக்கும் சதவீதத்துக்கும் என்ன உறவு?

எதுவும் இல்லை. சி மொழியின் முன்னோடியான பி மொழியில் % மீதிக்கான குறியாக இருந்தது. அது சி-க்கு வந்து, அங்கிருந்து ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், பைத்தான் வரை பரவிவிட்டது. ஃபோர்ட்ரான், பாஸ்கல் வழி வந்தவற்றில் 'மாட்' என்ற சொல்லே உண்டு. கால்குலேட்டரின் % பொத்தான் நூற்றுக்கு இத்தனை என்று கணக்கிடுவது. எக்செல் ஃபார்முலாவிலும் அப்படியே. அங்கே மீதி வேண்டுமானால் மாட் செயல்கூற்றைத்தான் அழைக்க வேண்டும்.

−7 % 3 எனக்கு ஒரு மொழியில் −1, இன்னொன்றில் 2 என்று வருகிறது. எது சரி?

இரண்டும் சரி. இந்தப் பக்கத்தின் முக்கியமான கேள்வி இதுதான் என்பதால் நிதானமாகப் பார்ப்போம்.

எல்லா மொழிகளும் ஒரு விதியைக் காப்பாற்றுகின்றன: ஈவு × வகுக்கும் எண் + மீதி = வகுபடும் எண். −7-ஐ 3-ஆல் வகுத்தால் −2.33 சொச்சம். இதை முழு எண்ணாக்க வேண்டும். பூஜ்யத்தின் பக்கமாக வெட்டினால் ஈவு −2; அப்போது மீதி −7 + 6 = −1. சிறிய எண்ணின் பக்கமாக இறக்கினால் ஈவு −3; அப்போது மீதி −7 + 9 = 2. மீதி மாறுவது ஈவு மாறுவதால்தான்.

பூஜ்யத்தின் பக்கம் வெட்டுபவை: சி, சி பிளஸ் பிளஸ், ஜாவா, சி ஷார்ப், ஜாவாஸ்கிரிப்ட், கோ, ரஸ்ட். மீதியின் குறி வகுபடும் எண்ணைப் பின்பற்றும். கீழே இறக்குபவை: பைத்தான், ரூபி, எக்செல்லின் மாட். மீதியின் குறி வகுக்கும் எண்ணைப் பின்பற்றும். ஏடா போன்ற சில மொழிகள் இரண்டையும் இரு பெயர்களில் வைத்திருக்கின்றன, அதுவே நாகரிகம்.

வெட்டும் பழக்கம் ஐபிஎம் 704 காலத்து ஃபோர்ட்ரானிலிருந்து வருகிறது. அந்தக் கணினி குறியைத் தனியாகவும் அளவைத் தனியாகவும் சேமித்தது. அளவை வகுத்துவிட்டுக் குறியை ஒட்டுவது அதற்கு எளிது. சி மொழியின் 1989 தரநிலை இதை முடிவு செய்யாமல் கம்பைலரின் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருளின்) விருப்பத்துக்கே விட்டது. 1999 தரநிலைதான் 'பூஜ்யத்தின் பக்கமே' என்று கட்டாயமாக்கியது. மிகப் பழைய சி நிரலைப் புதிய கம்பைலரில் ஓட்டுகிறவர்கள் இதை நினைவில் வைக்கவும்.

காஸின் உறவுப்படி பார்த்தால் −1-உம் 2-உம் மாடுலோ 3-இல் சமானமே. கணிதத்தில் தகராறே இல்லை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்து விடையாகத் தர வேண்டிய கட்டாயம் கணினிக்குத்தான் வந்தது.

நடைமுறையில் இதனால் என்ன கெடும்?

கிழமை கண்டுபிடிக்கும் நிரலை எடுத்துக்கொள்வோம். பல கணினி அமைப்புகள் நாட்களை 1970 ஜனவரி 1-இலிருந்து எண்ணுகின்றன. அன்று வியாழன். வியாழன் = 0, வெள்ளி = 1, இப்படியே புதன் = 6 என்று ஏழு பெயர்களை ஓர் அரேயில் (வரிசைப் பட்டியலில்) வைத்து, நாள் எண் % 7 என்ற இடத்தில் இருப்பதை எடுத்தால் போதும். 1970-க்குப் பிறகான தேதிகளை மட்டும் போட்டுச் சோதித்தால் எந்தக் குறையும் தெரியாது.

இப்போது 1947 ஆகஸ்ட் 15-ஐக் கொடுங்கள். 1969 ஆகஸ்ட் 15 வரை 22 ஆண்டுகள்; இடையில் 1948 முதல் 1968 வரை 6 லீப் நாட்கள்: 22 × 365 + 6 = 8036. அங்கிருந்து 1970 ஜனவரி 1 வரை 139. மொத்தம் 8175. ஆக நாள் எண் −8175.

பைத்தானில் −8175 % 7 = 1. வெள்ளி. சுதந்திரம் கிடைத்தது வெள்ளிக்கிழமைதான். சி-யிலும் ஜாவாவிலும் விடை −6. ஜாவா எல்லை மீறல் என்று நின்றுவிடும். ஜாவாஸ்கிரிப்ட் 'வரையறுக்கப்படவில்லை' என்ற மதிப்பைத் திருப்பித் தரும். திரையில் கிழமை இருக்க வேண்டிய இடத்தில் அதுவே அச்சாகும். சி மொழி அரேக்கு முன்னால் நினைவகத்தில் கிடக்கும் எதையோ எடுத்துவரும். மூன்றிலும் மோசமானது கடைசிதான், ஏனென்றால் சில நாள் அது சத்தமே போடாது.

சரிசெய்வது எப்படி?

பலரும் எழுதும் வடிவம்: ((அ % ம) + ம) % ம. இங்கே அ வகுபடும் எண், ம நேர்ம வகுக்கும் எண். நம் எடுத்துக்காட்டில்: −6 + 7 = 1, 1 % 7 = 1. சரி.

ம மிகப் பெரிதாக இருந்தால் நடுவில் வரும் கூட்டல் 32 பிட் எண்ணின் எல்லையைத் தாண்டிவிடலாம். அதைவிடச் சுத்தமான வழி இரண்டு வரிகள்: மீதியை எடு, அது பூஜ்யத்துக்குக் குறைவென்றால் ம-வைக் கூட்டு. ஜாவா 8 முதல் இதற்கென்றே ஃப்ளோர்மாட் உண்டு. ரஸ்டில் யூக்ளிட் பெயர் தாங்கிய மீதிச் செயல்கூறு உண்டு. இருப்பதைப் பயன்படுத்துங்கள்.

குறியில்லா எண்களை (எதிர்மமே இல்லாத வகையை) பயன்படுத்தினால் இந்தத் தொல்லை போய்விடுமா?

போகாது, வேஷம் மாறும். பத்து இடங்கள் கொண்ட வட்ட வரிசையில் ஓரிடம் பின்னால் போக (0 − 1) % 10 என்று எழுதுகிறீர்கள். 9 வர வேண்டும். 32 பிட் குறியில்லா எண்ணில் 0 − 1 என்பது 4294967295. அதை 10-ஆல் வகுத்தால் மீதி 5. பிழைச் செய்தியே வராமல் தவறான இடத்துக்குப் போய்விடுவீர்கள். இடங்கள் 8 அல்லது 16 என்று இரண்டின் அடுக்காக இருந்தால் மட்டும் தப்பிப்பீர்கள், ஏனென்றால் அவை 4294967296-ஐ மீதமின்றி வகுக்கும். கழிக்கும் முன்பே 10-ஐக் கூட்டிவிடுங்கள்: (0 + 10 − 1) % 10.

ஒற்றைப்படையா என்று பார்க்க % 2 == 1 போதாதா?

நேர்ம எண்ணுக்குப் போதும். வெட்டும் மொழிகளில் −3 % 2 = −1 என்பதால் −3 ஒற்றைப்படை இல்லை என்று நிரல் சொல்லும். 'பூஜ்யத்துக்குச் சமம் இல்லை' என்று சோதியுங்கள்.

12 மணிக் கடிகாரத்தில் 12 வர வேண்டிய இடத்தில் 0 வருகிறதே?

மீதிகள் 0-இல் தொடங்கி 11-இல் முடியும். கடிகாரம் 1-இல் தொடங்கி 12-இல் முடியும். ஒன்றைக் கழித்து, மீதி எடுத்து, ஒன்றைக் கூட்ட வேண்டும். கழித்தால் எதிர்மம் ஆகிவிடலாம் என்பதால் 11-ஐக் கூட்டுவது வழக்கம்: (மணி + 11) % 12 + 1. மணி 0 என்றால் 12, 13 என்றால் 1.

தமிழ் ஆண்டுப் பெயருக்கும் இதே கதை. அறுபது ஆண்டுச் சுழற்சியில் பிரபவ கடைசியாகத் தொடங்கியது 1987 சித்திரையில். (ஆண்டு − 1987) % 60 + 1 என்பது வரிசை எண். 2025-க்கு 39, விசுவாவசு. 1947-க்கு −40, கீழே இறக்கும் மொழியில் மீதி 20, வரிசை எண் 21, சர்வசித்து. வெட்டும் மொழியில் வரிசை எண் −39 என்று வரும். அப்படி ஓர் ஆண்டு எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை. ஜனவரி முதல் சித்திரைப் பிறப்பு வரையிலான தேதிகளுக்கு ஆண்டில் ஒன்றைக் குறைக்க மறக்காதீர்கள்.

எக்செல்லில் இரவு ஷிப்ட் நேரம் எதிர்மமாக வருகிறது. மாட் உதவுமா?

உதவும். எக்செல்லில் ஒரு நாள் என்பது 1. இரவு 10 மணிக்கு வந்து காலை 6 மணிக்குப் போனால் 0.25 − 0.9167 = −0.6667. முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்ததை மாட் செயல்கூற்றுக்குள் கொடுத்து, வகுக்கும் எண்ணாக 1 போடுங்கள்: 0.3333, அதாவது 8 மணி நேரம். பகல் ஷிப்டுக்கும் அதே ஃபார்முலா.

இதையே எக்செல்லுக்குள் நிரல் எழுதும் மொழியான விபிஏ-யில் மேக்ரோவாக மாற்றினால் வேலை செய்யாது. விபிஏ-யின் மாட் தரும் மீதியின் குறி வகுபடும் எண்ணைப் பின்பற்றும்: தாளில் −8-ஐ 3-ஆல் மாட் எடுத்தால் 1, மேக்ரோவில் −2. போதாக்குறைக்கு, மேக்ரோ தசமங்களை முதலில் முழு எண்ணாக்கிவிடும். ஒரே மென்பொருளுக்குள் இரண்டு சட்டம்.

பைத்தானில் 1 % 0.1 ஏன் பூஜ்யம் இல்லை?

0.1-ஐ இரும எண்ணில் துல்லியமாக எழுத முடியாது. கணினி வைத்திருப்பது 0.1-ஐவிட இம்மியளவு பெரிய எண். அது 1-க்குள் பத்து முறை அடங்காது, ஒன்பது முறைதான். மிச்சம் 0.09999999999999995. பணக்கணக்கில் ரூபாயைப் பைசாவாக்கி முழு எண்ணில் மீதி எடுங்கள்.

புத்தகத்தின் ஐஎஸ்பிஎன் கடைசி இலக்கம் மாடுலோ என்கிறார்களே?

ஆம், சோதனை இலக்கம். 978030640615 என்ற 12 இலக்கங்களை 1, 3, 1, 3 என்று மாறிமாறிப் பெருக்கிக் கூட்டுங்கள்: 9 + 21 + 8 + 0 + 3 + 0 + 6 + 12 + 0 + 18 + 1 + 15 = 93. பத்தால் வகுத்த மீதி 3; 10 − 3 = 7. கடைசி இலக்கம் 7. மீதி 0 ஆக இருந்தால் 10 − 0 = 10 என்று ஈரிலக்கம் வந்துவிடும்; எனவே இன்னொரு முறை % 10 போட வேண்டும். புதிதாக எழுதுகிறவர்கள் விடும் பிழை இது.

தட்டச்சில் ஓர் இலக்கம் தவறினால் இது கட்டாயம் பிடித்துவிடும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் எப்போதும் பிடிக்காது. மேலே உள்ள எண்ணில் 61-ஐ 16 ஆக்கிப் பாருங்கள்: 18 + 1 போய் 3 + 6 வருகிறது, கூட்டல் 83, சோதனை இலக்கம் மறுபடியும் 7. வித்தியாசம் 5 உள்ள எந்த ஜோடிக்கும் இதே நிலை, ஏனென்றால் 2 × 5 = 10. 2006 வரை இருந்த பத்திலக்க ஐஎஸ்பிஎன் 11-ஐ மாடுலஸாகக் கொண்டது. 11 பகா எண் என்பதால் இடமாற்றத்தை எல்லாம் பிடித்தது. விலையாக, மீதி 10 வந்தால் எழுத ஓர் எக்ஸ் தேவைப்பட்டது. ஆதார் எண் இந்த வழியில் போகவில்லை. டச்சுக் கணிதவியலாளர் வெர்ஹோஃப் 1969-இல் தந்த முறை அதில் பயன்படுகிறது: பத்து இலக்கங்களே போதும், இடமாற்றமும் பிடிபடும், ஆனால் கணக்கு சாதாரணக் கூட்டல் இல்லை.

குலுக்கல் எண்ணுக்கு % 100 போடலாமா?

பரிசுக் குலுக்கலுக்குப் போடாதீர்கள். ஒரு பைட்டில் 0 முதல் 255 வரை 256 மதிப்புகள். 256 = 2 × 100 + 56. எனவே 0 முதல் 55 வரையிலான எண்களுக்கு மூன்று வாய்ப்பு, 56 முதல் 99 வரைக்கு இரண்டுதான். 200-உம் அதற்கு மேலும் வந்தால் தூக்கியெறிந்துவிட்டு மறுபடி எடுங்கள்.

நிரலாக்கப் போட்டிக் கணக்குகளில் மாடுலஸாக 1000000007 ஏன்?

பகா எண், 32 பிட்டுக்குள் அடங்கும், அதற்குக் குறைந்த இரண்டு எண்களின் கூட்டல் 2147483647-ஐத் தாண்டாது, பெருக்கல் 64 பிட்டைத் தாண்டாது. கூட்டல், கழித்தல், பெருக்கலில் ஒவ்வொரு படியிலும் மீதி எடுத்துக்கொண்டே போகலாம். கழித்தலில் மட்டும் மாடுலஸைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

வகுத்தல்தான் காலை வாரும். மாடுலோ 7-இல் 10 ÷ 5 எவ்வளவு? 2 என்று தெரியும். ஆனால் 10-ஐ ஏற்கனவே 3 ஆக்கிவிட்டோம். 3-ஐ 5-ஆல் முழு எண்ணாக வகுத்தால் 0. தவறு. 5-ஆல் வகுப்பதற்குப் பதில் அதன் நேர்மாறால் பெருக்க வேண்டும்: 5 × 3 = 15, மீதி 1; ஆகவே நேர்மாறு 3. 3 × 3 = 9, மீதி 2. மாடுலஸ் பகா எண்ணாக இருந்தால், எண்ணை மாடுலஸ் − 2 அடுக்குக்கு உயர்த்தினாலே நேர்மாறு கிடைத்துவிடும். 5-இன் 5-ஆம் அடுக்கு 3125. ஏழால் வகுத்துப் பாருங்கள், மீதி 3.

பூஜ்யத்தால் மாடுலோ எடுத்தால்?

பைத்தானும் ஜாவாவும் முழு எண்ணில் பிழை எறியும். ஜாவாஸ்கிரிப்ட் 'எண் அல்ல' என்பதைத் திருப்பித் தரும். சி-யில் என்ன நடக்கும் என்பதற்கு வரையறையே இல்லை. அதே சி-யில் −2147483648 % −1 என்பதும் வரையறையற்றது: விடை 0 என்று நமக்குத் தெரிந்தாலும், ஈவு 2147483648 ஆகி 32 பிட்டில் அடங்காததால் இன்டெல் வகைச் சிப்புகளில் நிரல் விழுந்துவிடும்.